கொலைகாரன் பெயரைக் காத்த மூவர்

செம்மாத்தூர் கடைவீதியில் செங்கமலத்தின் புத்தகக் கடைக்குள் நுழைகிறவர்களுக்குப் புத்தகங்களுக்கு முன்னால் மூன்று பேர்தான் கண்ணில் படுவார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பெஞ்ச். அதில் பிச்சாண்டி, சூசை, வரதப்பன். மூவரும் அங்கே எதையும் வாங்கியதில்லை. ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். ஊரில் யாரும் அவர்களிடம் வேலை சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கடைக்கு முதன்முதலாக ஓர் எழுத்தாளர் வருவதாக இருந்தது. அரக்கோணம் தணிகைநாதன். புதிதாக எழுதிய துப்பறியும் நாவலைப் பற்றிப் பேச வருகிறார். அவரை அழைத்துவர ரயிலடிக்குக் கிளம்பிய செங்கமலம், வேறு ஆள் கிடைக்காத கொடுமையால் இந்த மூவரிடம் கடையை ஒப்படைத்தாள். ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்கக் கூடாது என்றாள். கொலைகாரன் யார் என்கிற முடிவு ஒருவருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இன்னிக்கு ஏதாவது சொதப்பினீங்கன்னா நாளையிலேர்ந்து இந்த பெஞ்ச் இங்க இருக்காது, பிச்சாண்டி. நீங்களும் இருக்க மாட்டீங்க."

பிச்சாண்டி பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்த வெயில்காட்டு ஊரில் அவனுக்கென்று இருந்த சுகம் அந்த பெஞ்ச் ஒன்றுதான். வீட்டிலும் மின்விசிறி உண்டு. ஆனால் அதற்குக் கீழே மாமனார் படுத்திருப்பார்.

நாற்காலி வேலை சுலபமாக முடிந்தது. அகராதிகளையும் சமையல் புத்தகங்களையும் அலமாரியிலிருந்து இறக்கி, நாற்காலிக்கு ஒரு கட்டாக உட்கார வைத்தார்கள். எங்கும் காலியில்லை. முடிவைக் காப்பாற்றுவதுதான் சிக்கலாக இருந்தது.

"நாம சொல்லலைன்னா மட்டும் போதுமா?" என்றான் சூசை. "வாங்கினவன் வீட்டுக்குப் போய்ப் படிப்பான். புத்தகமே அவன்கிட்ட சொல்லிடுமே."

மூவரும் நாவல் அடுக்கைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"கடைசிப் பக்கத்தையெல்லாம் ஒட்டிடுவோம்," என்றான் பிச்சாண்டி.

"ஒட்டுறப்ப நம்ம கண்ணுல பட்டுட்டா?" என்றான் வரதப்பன். "பட்டா தெரிஞ்சிரும். தெரிஞ்சா சூசை வாயில நிக்காது."

சூசை கோபப்படவில்லை. நிற்காதுதான் என்று ஒப்புக்கொண்டான். ஆகவே மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, பசை டப்பாவை நடுவில் வைத்து, எல்லாப் பிரதிகளையும் ஒட்டி முடித்தார்கள். வரதப்பன் தன் சட்டையையும் ஒரு பிரதியோடு சேர்த்து ஒட்டிக்கொண்டான். அதை மட்டும் விற்க முடியாமல் போயிற்று.

பேச்சைக் கேட்க வந்தவர்களை வரதப்பனே வாசலில் கும்பிட்டு, உள்ளே இடமில்லை என்று மிகுந்த வருத்தத்தோடு நிறுத்தினான். வாசலில் கும்பலைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று வீதியில் போனவர்களும் வந்து நின்றார்கள். செங்கமலம் எழுத்தாளரோடு வந்து சேர்ந்தபோது நாற்காலிகளில் அகராதிகளும் வெயிலில் ஜனங்களுமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜனங்களை உள்ளே உட்கார வைத்தாள்.

தணிகைநாதன் பாவம், அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததில்லை. இதற்கு முன்பு போன ஊரில் கடைக்காரரும் காவலாளியும்தான் கேட்டார்களாம். இங்கே மனுஷர் உற்சாகமாகப் பேசினார். கொலை நடந்த அறைவரை எல்லோரையும் அழைத்துப் போய், மீதியைப் புத்தகத்தில் பாருங்கள் என்று நிறுத்தினார். ஆளுக்கொன்று வாங்கினார்கள்.

முதலில் எழுந்தவர் தபால்காரர். தன் பிரதியில் கடைசிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றார். பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர், தன்னுடையதில் முதல் பக்கங்கள் ஒட்டியிருக்கின்றன, கடைசி நன்றாகவே இருக்கிறது என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டவனுக்கு முன் அட்டை எது, பின் அட்டை எது. செங்கமலம் பிச்சாண்டியைப் பார்த்தாள். பிச்சாண்டி பெஞ்சைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

காப்பாற்றியது டீச்சர்தான். தபால்காரர் புத்தகம் மாதிரி இன்னொன்று வாங்கினால் முழுக்கதையும் கிடைத்துவிடுமே என்று அவர் சொல்ல, எல்லோரும் இன்னொரு முறை வரிசையில் நின்றார்கள். அடுக்கு காலியானது. ஆளுக்கு இரண்டு வாங்கும் வாசகர்களைக் கண்டு தணிகைநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூசை மட்டும் வாசலில் நின்று, கடைசிப் பக்கத்தைப் படிக்க மாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வெளியே விட்டான். சிரித்துக்கொண்டே எல்லோரும் செய்துகொடுத்தார்கள்.

செங்கமலத்துக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. நாளைக்கு வழக்கம்போல வந்து உட்காருங்கள் என்றாள். எழுத்தாளரை ரயிலேற்றிவிட்டு வரும் பொறுப்பையும் அவர்களுக்கே கொடுத்தாள்.

ரயில் கிளம்பும்போது தணிகைநாதன் ஜன்னல் வழியாகக் கும்பிட்டார். பிச்சாண்டியும் கும்பிட்டான். எழுத்தாளருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அவரிடம் ஏதோ விசாரித்தார். அவரும் சந்தோஷமாகப் பையிலிருந்து நாவலை எடுத்தார். பிச்சாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே சத்தியம் செய்திருக்கிறது. செய்யாதவர் ஒரே ஒருவர், முடிவு தெரிந்தவரும் அவர்தான். மூவரும் ஓடிப்போய் ரயிலில் தொற்றிக்கொண்டார்கள்.

மறுநாள் செங்கமலம் கடையைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, காலி பெஞ்சைப் பார்த்தபடி நின்றிருந்தபோது அரக்கோணத்திலிருந்து போன் வந்தது.

"அக்கா, இதுவரைக்கும் ஒண்ணும் வெளிய வரலை," என்றான் பிச்சாண்டி ரகசியமாக. "ஆனா அவரு தூக்கத்துல பேசுவாருன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க. ராத்திரியில ஆளு மாத்தி ஆளு முழிச்சிருக்கப் போறோம். அவரு கதையை மறந்ததும் வந்துடுறோம், அதுவரைக்கும் பெஞ்ச்ல யாரையும் உக்கார விட்டுடாதீங்க."