மணிக்கயிற்றில் தொங்கிய விருந்தாளி

பனிமலையின் இடுப்பில் ஒரு மடம் இருந்தது. தெற்கிலிருந்து கால்நடையாகப் போன அடியார்கள் கட்டிய மடம். வாசலில் சின்னதாக ஒரு வெண்கல மணி, அதற்கு ஒரு கயிறு. மணி அடித்தவருக்குச் சோறு உண்டு, அடிக்காதவருக்கு இல்லை. மடத்தை உண்டாக்கியவர்கள் வைத்த விதி அது. மணிச் சத்தம் கேட்டால் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரரே அகப்பையும் கையுமாக வாசலுக்கு வந்து, "வாருங்கள், சாப்பிடலாம்" என்று அழைக்கவேண்டும்.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டு கொட்டியது. இறங்கும் வழி அடைபட்டுப்போனது.

மயிலாத்தா அங்கே புதிய சிஷ்யை. புருஷன் போனபின் மாமியார் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இடுப்பில் பெண்குழந்தையோடு மலை ஏறி வந்துவிட்டாள். மடப்பள்ளி வேலை அவளுக்கு.

பாத்திரம் தேய்த்துக்கொண்டே சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பாள். மொட்டை மரங்களில் குருவிகள் பந்து பந்தாக உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த மலைப் பறவைகளின் பேர் அவளுக்குத் தெரியாது. தானே பேர் வைத்தாள். நெற்றியில் மஞ்சள் இருந்தால் சந்தனப்பொட்டு. கழுத்து கறுத்திருந்தால் தாடிக்காரன். ஒற்றைக்காலில் நின்றது நொண்டியாத்தா.

ஒருநாள் தன் சோற்றில் பாதியை எடுத்துப் பனிமேல் வைத்து, ஊர் வழக்கப்படி "கா, கா" என்று கூப்பிட்டாள். அந்த மலையில் காக்கையே கிடையாது. ஒன்றும் வரவில்லை. சுடுசோறு பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கிக் கல்லாய் உறைந்துவிட்டது. விடிந்து பார்த்தால், அதைக் கொத்திக் கொத்தித் தோற்றுப்போன தாடிக்காரன் பக்கத்திலேயே விறைத்துக் கிடந்தது.

மறுநாள் முறத்தில் தினையைப் பரப்பி வைத்தாள். உக்கிராணக்காரர் தில்லைநாயகம் பார்த்துவிட்டார்.

"யாருக்கடி இது?"

"என் பங்குதான், ஐயா."

"உன் பங்கு உன் வயித்துக்கு. பால் வத்திப்போனா பிள்ளைக்கு யார் குடுக்கிறது? மணி அடிக்காத வாய்க்கு இங்கே ஒரு பருக்கை கிடையாது. இன்னொரு தரம் பார்த்தேன், வழி திறந்த அன்னிக்கே நீயும் பிள்ளையும் இறங்கவேண்டியதுதான்."

இறங்கினால் எங்கே போவது? ஆனாலும் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மடத்தின் தலைவியான குருத்தாயிடம் போய் நின்றாள். தாயார் மாட்டுக்கொட்டகைக் கூரையில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தாயே, அந்த விதியை மாத்துங்க."

"மாற்றமாட்டேன்."

"அப்போ அதுங்க சாகட்டுமா?"

"கயிறு வாசலில்தானே தொங்குகிறது? நான் எடுத்து ஒளித்துவைக்கவில்லையே."

"குருவிக்குக் கையா இருக்கு, மணி அடிக்க?"

தாயார் மறுபடியும் பனியைத் தள்ளினார். ஒரு குவியல் பனி அவள் காலடியில் வந்து விழுந்தது.

ஆத்திரத்தோடு திரும்பி வந்தாள். உள்ளே குழந்தை பசியில் தட்டைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. டங், டங், டங். அதை அதட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

தன் பங்குத் தினையை மாவாக்கினாள். தன் பங்கு நெய்யில் பிசைந்தாள். மணிக்கயிற்றில் மேலிருந்து கீழ்வரை தடவினாள். குளிரில் அது இறுகி ஒட்டிக்கொண்டது.

சந்தனப்பொட்டு முதலில் வந்தது. கூடவே நாலைந்து. தொங்கி இழுத்தன. மணி அசைந்து ஒலித்ததும் பயந்து எல்லாம் பறந்துவிட்டன.

தில்லைநாயகம் அகப்பையோடு ஓடி வந்தார். "வாருங்கள், சாப்பிட..." வாசலில் ஆள் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

போச்சு, இனி வராது என்று அவள் நினைத்தாள். பசி பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கவேண்டும். நொண்டியாத்தா திரும்பி வந்தது. ஒற்றைக்காலால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, உடம்பை முறுக்கி முறுக்கிக் கொத்தியது. அதைப் பார்த்து மற்றவையும் வந்தன. மணி விடாமல் அடித்தது.

தில்லைநாயகம் மறுபடியும் ஓடி வந்தார்.

"யாரடி அடிச்சது?"

"விருந்தாளி, ஐயா."

"எங்கே?"

"இதோ தொங்குறாங்களே. மரியாதையாக் கூப்பிடுங்க, ஐயா. காது கேக்கும் அவங்களுக்கு."

தில்லைநாயகத்தின் முகம் சிவந்துவிட்டது. அவளையும் இழுத்துக்கொண்டு தாயாரிடம் போனார்.

"தாயே, இது ஏமாற்று! நெய்யைத் தடவி இவள் அடிக்க வைத்திருக்கிறாள். அதுகளாகவா அடித்தன?"

"தடவினாயா?" என்றார் தாயார்.

மயிலாத்தா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஆனால் தலை குனியவில்லை.

"தடவினேன், தாயே. நாளைக்கும் தடவுவேன். நீங்க இறக்கிவிடுறவரைக்கும் தடவுவேன்."

தாயார் கூரையிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒட்டிய பனியை உதறினார்.

"தில்லைநாயகம், நீ இந்த மடத்துக்கு வந்தது எப்படி?"

"அது... நல்ல பனியில், தாயே. வாசலில் விழுந்து கிடந்தேன். நினைவே இல்லை."

"சோறு கிடைத்ததா?"

"கஞ்சி ஊற்றினார்கள். அப்புறம்தான் கண்ணே திறந்தது."

"மணி அடிக்காதவனுக்கு எப்படி ஊற்றினார்கள்?"

"இல்லை, தாயே. மணி அடித்தது. எங்கேயோ தூரத்தில் கேட்கிறமாதிரி கேட்டது."

"அடித்தது உன் கைதான்," என்றார் தாயார். "விரல் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. நான் அதைக் கயிற்றில் சுற்றி இழுத்தேன்."

வாசலில் மறுபடியும் மணி ஒலித்தது.

தில்லைநாயகம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அகப்பை இருந்தது.