சாத்தூர் இருந்த இடம்

தாமிரபரணிக் கரையில் ஒரு பஸ் கம்பெனி இருந்தது. அதன் மாடியில் ஓர் அறை. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் அந்த அறைக்குள் மட்டும் ஏசி புண்ணியத்தில் வருஷம் முச்சூடும் மார்கழிதான்.

அந்த மார்கழிக்குள் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆறுமுகநயினார். இன்னொன்றில் பிச்சையா.

இரண்டு பேரும் மதுரை ரூட்டில் கண்டக்டராக ஓடியவர்கள். டிக்கெட்டெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய காலத்தில், பதறாத ஆட்களாகப் பார்த்து முதலாளி இவர்களை மாடிக்கு ஏற்றிவிட்டார். அப்போது மேசைக்கு மேசை பழைய கம்ப்யூட்டர்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருமும். எது இருமுகிறது என்று தலையைத் திருப்பாமலே இருவரும் சொல்லிவிடுவார்கள். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு உண்டு.

பிறகு ஒரு நாள் அவற்றையெல்லாம் கீழே இறக்கிவிட்டு, ஓர் இரும்புக் கூட்டை நாலு பேர் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். பின்னாலேயே மதுரையிலிருந்து ஜெசிந்தா வந்தார்.

நாசரேத்தில் பிறந்தவர். நயினாரின் கடைசித் தங்கையைவிடச் சின்ன வயது. கூட்டை நிறுத்தி, இவர்களுக்கு வேலை பழக்கிவிட்டுப் போகச் சொல்லி விற்ற கம்பெனி அனுப்பியிருந்தது. பிச்சையா கேலியாகத்தான் ‘டீச்சர்’ என்று ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் கேலி கழன்று விழுந்துவிட்டது. டீச்சர் மட்டும் நின்றது.

டீச்சர் அதிகம் பேச மாட்டார். கூட்டைக் காட்டி ஒரே ஒரு தடவை சொன்னார். இதற்குள் மெல்லிசான கம்ப்யூட்டர்களைப் பக்கம்பக்கமாகச் செருக வேண்டும், அலமாரியில் புத்தகம் அடுக்குகிற மாதிரி. அதற்குப் பிளேடு என்று பேர். பிளேடுக்கென்று தனிக் கரண்ட் கிடையாது, தனி விசிறி கிடையாது. கூட்டின் முதுகில் சுழல்கிற விசிறிகள்தான் எல்லாருக்கும் சேர்த்து மூச்சு.

கூட்டுக்கு என்ன பேர் என்று பிச்சையா கேட்டார். சேஸிஸ் என்றார் டீச்சர். பஸ்ஸின் அடிச்சட்டத்துக்கும் அதே பேர்தான்.

“அப்போ நம்ம வண்டிதான்வே நயினாரு” என்றார் பிச்சையா.

பிளேடை எவ்வளவு அழுத்தித் தள்ள வேண்டும் என்று நயினார் கேட்டார். டீச்சர் கீழே கவுண்டருக்குப் போய்ப் பழைய டிக்கெட் கட்டு ஒன்றை வாங்கிவந்து கையில் கொடுத்தார்.

“ஒண்ணு கிழிங்க அண்ணாச்சி.”

நயினார் கிழித்தார். வருஷக்கணக்காகக் கிழித்த கை. பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“அவ்வளவுதான் அழுத்தம்” என்றார் டீச்சர்.

பிளேடைத் தொடுவதற்கு முன் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டி, அதன் வயரைக் கூட்டோடு கோர்த்துக்கொள்ள வேண்டும். உடம்பில் தேங்கிய மின்சாரம் பிளேடில் பாய்ந்துவிடக் கூடாது. கோயில் கொடை விழாவுக்குக் காப்புக் கட்டுகிற மாதிரி பிச்சையா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கட்டிக்கொள்வார். அது கையில் இருக்கிற வரைக்கும் வெற்றிலை கிடையாது, யார் மேலும் கோபம் கிடையாது.

ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு பேர் கொடுக்க வேண்டும் என்று வந்தது. ஒன்று, இரண்டு என்று போட்டுவிடலாம் என்றார் டீச்சர். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. இடமிருந்து வலமாக ஊரைச் சொன்னார்கள். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம், மதுரை. சிரிக்காமல் அப்படியே தட்டி ஏற்றினார் டீச்சர். சாத்தூரைப் பிச்சையாதான் தன் கையால் செருகினார்.

மதுரைக்கு அப்பால் காலியாகக் கிடந்த இடங்களில் டீச்சர் வெறும் டப்பாக்களைச் செருகினார். பிளேடு மாதிரியே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. காலி இடத்தை வாய் திறந்து போடக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஒரு டப்பா மிச்சம் வந்தது. அதைப் பிச்சையா எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷங்களை நினைத்தால் நயினாருக்கு இப்போதும் வாய் தித்திக்கும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே வண்டிகளுக்குச் சர்வீஸ் நடக்கிற அதே வேளையில், இவர்கள் மேலே சர்வீஸ் பார்ப்பார்கள். வேலையைப் பக்கத்துப் பிளேடுக்கு மாற்றிவிட்டு, ஒன்றை உருவி, தூசி தட்டி, புது மென்பொருள் ஏற்றித் திரும்பச் செருகுவார்கள். பிளேடை நிறுத்தும்போது நயினார், பஸ்ஸை நிறுத்துகிற கண்டக்டர் குரலில், “ஹோல்டான்” என்பார். அது எழுந்து பச்சை விளக்கு எரிந்ததும் பிச்சையா “ரைட், போலாம்” என்பார். நடுவில் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதாவது ஒரு பழைய டிரிப் பற்றிப் பேச்சு வரும். சாத்தூர் ஸ்டாண்டில் ஆட்டோடு ஏறி, ஆட்டுக்கும் ஜன்னல் சீட்டுக் கேட்ட பெரியவரைப் பற்றி எத்தனை முறை பேசினார்களோ. ஒவ்வொரு முறையும் ஆடு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

போன ஆடியில் பிச்சையா போய்ச் சேர்ந்தார். தூக்கத்திலேயே.

காரியம் முடிந்து நயினார் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் சாத்தூர் பிளேடும் நின்றுபோனது. எவ்வளவோ பார்த்தார், எழவில்லை. கூட்டை விற்ற கம்பெனிக்குச் சொல்லிவிட்டு அதை உருவி ஓரமாக வைத்தார். மாற்றுப் பிளேடு வர நாளாகும் என்றார்கள். கோவில்பட்டிக்கும் விருதுநகருக்கும் நடுவே அந்த இடம் திறந்தே கிடந்தது. அதை மூட அவருக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. கோவில்பட்டி சூடாகித் தானே அணைந்தது. எழுப்பிவிட்டால் விருதுநகர் அணைந்தது. கோவில்பட்டியில்தான் டிக்கெட் பதிவு. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கவுண்டர்களில் ஜனம் கத்தியது. மேனேஜர் மேலே வந்து, கத்தாமல் மெதுவாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை படுத்தால் எல்லாவற்றையும் சென்னையில் வாடகை இடத்துக்கு மாற்றிவிடுவோம், இந்த அறையைப் பூட்டிவிடுவோம், நீங்கள் கீழே பார்சல் ஆபீஸுக்கு வந்துவிடுங்கள் என்று.

பார்சல் ஆபீஸில் உட்காரலாம். வேலையும் லேசு. ஆனால் அங்கே பிச்சையா ஒரு நாளும் இருந்ததில்லை.

நயினார் மதுரையிலிருந்த டீச்சருக்குப் போன் செய்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே டீச்சர் வந்துவிட்டார். மாடி வராந்தாவில் ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி போனில் பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். டீச்சர் கதவைத் திறந்து உள்ளே போனார்.

உள்ளே விசிறிகள், பாரம் ஏற்றிய லாரி மேடேறுகிற மாதிரி அலறிக்கொண்டிருந்தன. கூட்டுக்கு முன்னால் ஒரு டேபிள் ஃபேன். பிச்சையாவின் நாற்காலியில் அவருடைய துண்டு விரித்துக் கிடந்தது, பஸ்ஸில் இடம் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கிய ஆளின் துண்டு மாதிரி.

டீச்சர் டேபிள் ஃபேனைப் பார்த்தார்.

“இது யாரு வேல அண்ணாச்சி?”

“நாந்தான்.”

“நல்லவேள. பனமட்டய வச்சு வீசாம இருந்தீயளே.”

நயினாருக்குச் சிரிப்பு வரவில்லை. செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏசி மெக்கானிக்கை வரவழைத்தது, குளிரைக் கூட்டியது, கோவில்பட்டியின் வேலையில் பாதியைத் திருமங்கலத்துக்குத் தள்ளியது, மென்பொருளைத் திரும்ப ஏற்றியது. சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் பார்வை, சாத்தூர் இல்லாமல் திறந்து கிடந்த இடத்தில் இருந்தது. பிறகு துண்டுக்குப் போனது.

“வெளிய இருக்கது யாரு?”

தென்காசி கவுண்டரிலிருந்து மாற்றி அனுப்பியிருக்கிறார்கள், பேர் ஹமீதா, பிச்சையா வேலைக்கு என்று நயினார் சொன்னார். நல்ல மாதிரிதான், வேலையும் தெரிந்தவர்தான் என்றார்.

“பின்ன ஏன் வெளிய?”

நயினார் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கேன். தப்பா எடுத்துக்கிடக் கூடாது. இந்த நாற்காலில யாரக் கொண்டாந்து உக்கார வச்சாலும் பிச்சையா ஆயிருவாங்களா?”

டீச்சர் ஆணியில் தொங்கிய பட்டையை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார். வயரைக் கூட்டில் கோர்த்தார். கண்ணை மூடித் திறந்தார். அது பிச்சையாவின் பழக்கம் என்று நயினாருக்குத் தெரியும். டீச்சருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார்.

டீச்சர் அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டுத் துழாவினார். மிச்சம் வந்த அந்த வெறும் டப்பா அங்கேதான் இருந்தது. குலுக்கினால் உள்ளே என்னமோ உருண்டது.

கவிழ்த்தார். பாதி தீர்ந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று விழுந்தது. வாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. எறும்பு வரும் என்று டீச்சர் திட்டிய நாளிலிருந்து பிச்சையா மிட்டாயை ஒளித்துவைக்கிற இடம் அது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் சர்வீஸ் முடிந்ததும் நயினாரின் கைக்கு ஒரு துண்டு மிட்டாய் வரும். எங்கிருந்து வருகிறது என்று நயினார் கேட்டதில்லை.

டீச்சர் பொட்டலத்தை எடுத்து நயினாரின் உள்ளங்கையில் வைத்தார். டப்பாவைத் துணியால் ஒரு தரம் துடைத்தார். கோவில்பட்டிக்கும் விருதுநகருக்கும் நடுவே அதை வைத்துத் தள்ளினார். டிக்கெட் கிழிக்கிற அளவு அழுத்தம். ‘டக்’ என்று உட்கார்ந்தது.

டேபிள் ஃபேனை அணைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு அமர்ந்தார். நயினாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலிகள் இருந்தும் இரண்டு பேரும் தரையில் இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேடு முடிந்த லாரி மாதிரி விசிறிகள் ஒரு மூச்சு இறங்கின. இன்னும் ஒன்று இறங்கின. கோவில்பட்டியின் நெற்றியில் மினுங்கிக்கொண்டிருந்த மஞ்சள் விளக்கு அணைந்து பச்சை வந்தது. சற்று நேரத்தில் விருதுநகருக்கும் வந்தது. ரைட் சொல்ல ஆள் இல்லை. இரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்த மாதிரிச் சும்மா இருந்தார்கள்.

சத்தம் அடங்கியதும் கதவுக்கு வெளியே ஹமீதாவின் குரல் கேட்டது. எந்த ஊர்க் கவுண்டருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். கோவிச்சுக்கிடாதீங்க, அண்ணாச்சி உள்ள ஒத்தையில போராடிட்டு இருக்காவ, கொஞ்சம் பொறுங்க என்று. அதை வைத்துவிட்டு அடுத்த ஊர். அங்கேயும் அதேதான். எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ. இந்த இரைச்சலில் ஒன்றுகூட நயினார் காதில் விழுந்ததில்லை.

நயினார் எழுந்து கூட்டுக்கு அருகே போனார். டப்பாவை விரலால் தடவிப் பார்த்தார். வெறும் பிளாஸ்டிக். விளக்குக்கூட இல்லை.

“உள்ள ஒண்ணுமே இல்லியே டீச்சர். இது எப்படி சாத்தூர் ஆவும்?”

“ஆவாது.”

“மாத்துப் பிளேடு வந்தா?”

“அதும் ஆவாது. அது வேற பிளேடு.”

“பின்ன எதுக்கு இது?”

டீச்சர் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“நடுவுல ஓட்ட கெடந்தா காத்தெல்லாம் அது வழியாப் போயிரும், பக்கத்துல உள்ளதுக்கு மூச்சு கெடைக்காது. இது சாத்தூருக்கு இல்ல அண்ணாச்சி. கோவில்பட்டிக்கும் விருதுநகருக்கும்.”

நயினார் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே ஹமீதா இன்னும் யாருக்கோ பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நயினார் பிச்சையாவின் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு தடவை உதறி, தன் தோளில் போட்டுக்கொண்டார்.