குடை இல்லாமல் பவனி போன ராஜா

விசிறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள், அந்தச் சத்தத்தில் கதை காதில் விழாது. சரி. எத்தனையோ காலத்துக்கு முன்னால், வேனலூர் என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தான். குளிர்குடைக் கோமான் என்று பெயர். பெயரைச் சூட்டியவர் ஆஸ்தானப் புலவர் நாவினியார்.

ராஜா எங்கே போனாலும் தலைக்கு மேலே ஒரு வெள்ளைப் பட்டுக்குடை போகும். பத்துப் பேர் அடியில் உட்காரலாம், அவ்வளவு பெரிது. அந்தக் குடையின் நிழல் மலை தாண்டும், ஆறு தாண்டும், நாடு முழுவதையும் மூடும் என்று புலவர் தினமும் காலையில் பாடுவார். எல்லா நாட்டிலும் புலவர்கள் இப்படித்தான் பாடுவார்கள். மற்ற ராஜாக்கள் சிரித்துக்கொண்டே பரிசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நம் ராஜா மட்டும் அதை அப்படியே நம்பிவிட்டான்.

அந்த வருஷம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சி வேளையில் ஊரே கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே படுத்துவிடும். தாழிட ஒரு கதவு இல்லாதவர்களும் ஊரில் இருந்தார்கள். ஐப்பசி வெள்ளம் ஆற்றங்கரைக் குடிசைகளை அடித்துப் போனதிலிருந்து, நாற்பது பேர் சந்தைத் திடலில் கிடந்தார்கள். திடலில் மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது.

அவர்களில் ஒருத்தி காத்தாயி. அவள் புருஷன் சடையன், தெருத் தெருவாகப் போய் அம்மி கொத்துகிறவன். வெயிலில் அலைந்து ஒருநாள் சுருண்டு விழுந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது, பேச்சு குழறியது. நிழலில் கிடத்தாவிட்டால் மூன்று நாள் தாங்காது என்றார் வைத்தியர். சொல்லிவிட்டுத் தன் வீட்டு நிழலுக்கு ஓடிவிட்டார்.

காத்தாயி அரண்மனைக்குப் போய் நிழல் கேட்டாள். ராஜாவுக்கு ஆச்சரியம். என் குடை நிழலில் நின்றுகொண்டே நிழல் கேட்கிறாளே என்றான். புலவர் அந்தப் பாட்டை அவளுக்காக இன்னொரு முறை பாடிக் காட்டினார். பாட்டைக் கேட்டுக்கொண்டு அவள் திரும்பினாள்.

இரண்டாம் நாளும் போனாள். திடலில் நிழல் விழுகிறதா என்று பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்பினான் ராஜா. அவர் கெட்டிக்காரர். வெயில் தாழும்வரை காத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு, திடல் முழுக்க நிழல்தான் என்று வந்து சொன்னார்.

மூன்றாம் நாள் காத்தாயி அழவில்லை, கெஞ்சவில்லை.

“நீங்க சொன்னா சரிதான் மவராசா. குடை நிழலு நாடு பூரா விழுதுன்னா, குடை எங்க நின்னா என்ன? இன்னைக்கு ஒரு மத்தியானம் அதச் சந்தைத் திடல்ல நட்டு வைங்க. உங்களுக்கு நிழலு அங்கேருந்தே வந்துரும்ல?”

ராஜா புலவரைப் பார்த்தான். வராது என்றால் இத்தனை வருஷப் பாட்டும் பொய்யாகிவிடும். புலவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, தாராளமாக வரும் என்றார். ராஜாவுக்கு ஒரே குஷி. குடையைத் திடலுக்கு அனுப்பிவிட்டு, நிழலின் பெருமையை ஊருக்குக் காட்ட அன்று மத்தியானமே யானைமேல் ஏறிப் பவனி புறப்பட்டான்.

நிழல் என்மேல் விழுகிறதா என்று வழியில் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் விழுகிறது என்றே பதில் வந்தது. முதல் முறை புலவர் நடந்துகொண்டே சொன்னார். இரண்டாம் முறை கால் சுட்டுக் குதித்துக்கொண்டே சொன்னார். மூன்றாம் முறை எந்தச் சந்திலிருந்தோ குரல் மட்டும்தான் வந்தது. காவலர்களும் அவர் வழியே ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். யானைக்குப் பாட்டும் தெரியாது, பயமும் தெரியாது. அது ஆற்றைப் பார்த்து நடையைக் கட்டியது. ராஜா சறுக்கி இறங்கினான். கிரீடம் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. அதைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு, அருகிலிருந்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

“கை ஒழியல, அப்பால போப்பா” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. யார் என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் வீட்டில் இன்னும் சமைக்கவில்லை என்றார்கள். மூன்றாம் வீட்டில், நேற்றுதானே வந்துபோனாய் என்று கேட்டார்கள்.

ராஜா ஓடினான். ஒரு பக்கம் மிதியடி போயிற்று, ஒரு பக்கம் மேலாடை போயிற்று. புழுதியும் வியர்வையுமாகச் சந்தைத் திடலில் போய் நின்றபோது, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரிந்திருக்காது. குடைக்கடியில் இடித்துப் பிடித்துப் பத்துப் பேர் இருந்தார்கள். நடுவில் சடையன் படுத்திருந்தான். காத்தாயி வந்தவனைப் பார்த்தாள், எழுந்தாள், தன் இடத்தைக் காட்டினாள். சடையன் நெற்றிக்கு ஈரத்துணி நனைக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். பிறகு வெயிலில் போய் நின்றுகொண்டாள்.

நீ ஏன் வெயிலில் நிற்கிறாய் என்று ராஜா கேட்டான்.

“நாப்பது பேருக்கு ஒரு குடை. சீக்காளியையும் புள்ளைங்களையும் விட்டுட்டு, மத்தவங்க மாத்தி மாத்தி நிப்போம். நீ மூச்சு வாங்கிக்க. அப்புறம் நீயும் நிக்கணும்.”

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மூச்சு வாங்கியதும் எழுந்து, தன் முறைக்கு வெயிலில் நின்றான்.

அன்று சாயங்காலம் ஊரில் தண்டோரா போட்டார்கள். இன்று உச்சி வேளையில் ராஜா மூன்று வீட்டுக் கதவைத் தட்டினார், மூன்றும் திறக்கவில்லை, மறுபடியும் வருவார், எந்த நாள், என்ன வேஷம் என்று சொல்ல முடியாது. அவ்வளவுதான் செய்தி. எந்த மூன்று வீடு என்று சொல்லவே இல்லை. அன்று யாரையாவது விரட்டாத வீடு ஊரில் எங்கே இருக்கிறது? ஒவ்வொருவரும் அது தன் வீடுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் உச்சி வேளையில் ஊரிலுள்ள கதவெல்லாம் மலரத் திறந்து கிடந்தன. அரண்மனைக் கதவும்தான், அங்கே பானை பானையாக நீர்மோர் சுமந்தவர் நாவினியார். திடலில் இருந்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார்கள். சடையன் ஜவுளிக்காரர் வீட்டுக் கூடத்தில், குளிர்ந்த தரையில், பாயில் படுத்தான். ஜவுளிக்காரர் அவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சடையன் கண் விழித்தபோது, “மகாராஜாவுக்கு இன்னும் கொஞ்சம் மோர் வேணுமா?” என்று அவர் மெதுவாகக் கேட்டார். தான் செத்துச் சொர்க்கம் வந்துவிட்டோம் என்று நினைத்த சடையன், பக்கத்தில் காத்தாயியும் இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனான்.

உடம்பு தேறியதும் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசல்வரை போனவனுக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, நான் ராஜா இல்லைங்க, அம்மி கொத்துகிறவன் என்று உண்மையைச் சொன்னான்.

“அது எனக்கு நீ கண் முழிச்ச மறுநாளே தெரியும்ப்பா” என்றார் ஜவுளிக்காரர். “வெயில் தாழட்டும், உக்காரு.”

அடுத்த மழைக்கு முன்னால் ஊரார் ஒன்றுகூடி, மேட்டு நிலத்தில் அந்த நாற்பது பேருக்கும் குடிசை போட்டுக் கொடுத்தார்கள்.

கேட்டவர்களே, வந்தவர் யாரென்று பாராமல் கதவைத் திறந்து கொடுக்கும் நிழலே உயிரைக் காக்கும், வாயால் பாடும் நிழல் ஒருவர் தலையிலும் விழாது.