கண்ணில் படாத யானைப்பட்டி

காட்டு யானைகளை வளைத்துப் பிடிக்க, மலையடிவாரத்தில் மரப்பட்டி கட்டச் சொன்னார் ஜமீன் திவான் கஜபதி ராயர். "பட்டி என் கண்ணுக்குத் தெரிந்தால் யானைக்கும் தெரிந்துவிடும். அப்புறம் உங்கள் குடிசை ஒன்றுகூட இந்தக் காட்டில் இருக்காது" என்று மிரட்டினார்.

அதைக் கட்டிய குறும்பர்களுக்குத் தலைவி கெம்பி. திவான் சேவகர்களோடு பார்வையிட வந்தபோது அவளே முன்னால் நடந்தாள். இருபுறமும் மூங்கிலும் கொடியும் மண்டிக் கிடந்தன. திவான் கழுத்தை நீட்டி நீட்டித் தேடிக்கொண்டு பின்னால் போனார்.

"எங்கேடி பட்டி?"

"நிஜமாவே தெரியலீங்களா, சாமி?"

"தெரியவில்லை என்கிறேனே!"

அவர் முதுகுக்குப் பின்னால் தொம்மென்று மரக்கதவு விழுந்தது.

"நீங்க நிக்கிறதே பட்டிக்குள்ளதான், சாமி. எங்க குடிசையைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க, கதவைத் தூக்கச் சொல்றேன்" என்றாள் கெம்பி.

வெளியே நின்ற சேவகர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, திவான் உரக்கவே சொன்னார்.