உள்ளே போகிற சேதி

"நான் என்ன பாவம் பண்ணினேனுங்க தாயே?" என்று கேட்டுக்கொண்டே மடத்துக்குள் நுழைந்தார் செங்கோடன்.

மடத்தை நடத்துகிற தாய் பந்தியில் வடை வைத்துக்கொண்டிருந்தாள். சிஷ்யரான செங்கோடனைவிட அவளுக்கு வயது குறைவு. அதனால் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"உட்காருங்கண்ணா. என்னாச்சு?"

"ரத்தத்துல சர்க்கரையாம்! இனிப்பைக் கையால தொட மாட்டேன். சோறு ஒரு வேளைதான். ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற எனக்குப் போய்ச் சர்க்கரையாம். ஊரே சிரிக்குது."

சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுகிற ஆள்தான் செங்கோடன். அவருடைய பயம் வேறு. மகள் தேன்மொழி வளைகாப்பு முடிந்து அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

"இது என்னோட போயிருமா, வரப்போற பேரப்பிள்ளையையும் பிடிக்குமாங்க? தூக்கமே இல்லீங்க தாயே."

"மகள் நல்லாச் சாப்பிடுறாளா?"

"அதெல்லாம் அளவோடதானுங்க. ஒரு கரண்டிக்கு மேல நான் விடறதில்லை. உள்ளே பிள்ளை பெருத்துட்டா வெளியே வரணுமில்ல? இவளைப் பெத்தப்பத்தான் இவ ஆத்தா போய்ச் சேர்ந்தா. பிள்ளை பெரிசுன்னாங்க. அந்த அலறல் இன்னும் என் காதுல இருக்குது."

தாய் அவர் இலையில் இரண்டு வடை வைத்தாள்.

செங்கோடன் ஒன்றைத் தின்றார். இன்னொன்றை வழக்கம்போலத் துண்டு முனையில் முடிந்துகொண்டார். பந்தியில் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை. வருசக்கணக்காக நடக்கிற கூத்து.

"அது எதுக்குண்ணா?"

"நாளைக்கு இல்லாமப் போயிட்டா?"

"இந்த மடத்துல அடுப்பு அணைஞ்சு பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"பின்னே இல்லாமப் போகும்னு யாரு சொன்னது?"

செங்கோடன் துண்டு முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"யாரும் சொல்லலீங்க. விவரம் தெரிஞ்ச நாளா இப்படித்தான். என் ஆத்தா என்னைச் சுமந்த வருசம் மழை தப்பிப்போச்சாம். புளியங்கொட்டையை வறுத்துத் தின்னுட்டுக் கிடந்தாளாம்."

"கை முடிஞ்சு வைக்குது. ஆத்தா வயித்துலயே பஞ்சத்தைப் பார்த்த உடம்பு, சர்க்கரையை முடிஞ்சு வைக்காமச் சும்மா இருக்குமாண்ணா?"



"அப்போ தேன்மொழி..."

"பெரிய பிள்ளையோ சின்னப் பிள்ளையோ, வெளியே கொண்டுவர ஆஸ்பத்திரி இருக்குது, டாக்டரம்மா இருக்காங்க. உள்ளே இருக்கிற பிள்ளைக்கு ஊர்ச் சேதி சொல்ல யாரு இருக்கா?"

"என்ன சேதிங்க?"

தாய் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

செங்கோடன் பாதிப் பந்தியில் எழுந்தார். கைகூடக் கழுவவில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மகள் வந்த நாளாக ஒரே கரண்டி, ஒரே கரண்டி. அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் தேன்மொழி அப்போதுதான் தட்டை எடுத்து வைத்திருந்தாள். அப்பன் ஒரு கரண்டி சோறு போட்டதும் அவளாகவே தட்டைக் கையால் மறைத்தாள்.

"போதும்ப்பா. நீங்கதானே சொன்னீங்க?"

செங்கோடன் அந்தக் கையை மெல்ல விலக்கினார். இன்னொரு கரண்டி போட்டார். பருப்பை ஊற்றி, கீரையை வைத்து, முட்டையையும் உரித்து வைத்தார். 

பிறகு மகளின் வயிற்றுப் பக்கம் குனிந்தார்.

"சாமி, இந்த வருசம் நல்ல மழை" என்றார்.