குடிக்குப் பத்து மூட்டை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டின் மண் எவ்வளவு புளிப்பாக இருந்தது என்றால், அந்த வயல் வரப்பில் புழு கொத்திய காக்கைகளுக்கெல்லாம் பல் கூசியது. காக்கைக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள். கூசிக் கூசித்தான் மொத்தமும் கொட்டிவிட்டது. அதற்கு முன்பு வரிசையாக முப்பத்திரண்டு இருந்தது.

அப்படிப்பட்ட மண்ணில் நெல் என்ன விளையும்? முழங்கால் உயரம் வளரும், மஞ்சளாகும், உட்கார்ந்துவிடும். ஒருநாள் குதிரையில் அந்தப் பக்கம் போன அரசர் பார்த்துவிட்டுப் பதறினார். பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தார் வில்லவராயர். சுண்ணாம்புக் காளவாயைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர், முந்நூறு காணிக்குச் சொந்தக்காரர்.

"மண் புளித்துவிட்டது அரசே. சுண்ணாம்பு போட்டால் சரியாகிவிடும். குடிக்குப் பத்து மூட்டை என்று ஓர் ஆணை போடுங்கள்" என்றார்.

அரசருக்குப் பத்து என்ற எண் பிடித்துப்போயிற்று. மறுநாளே முரசு அறைந்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு. குடிக்குப் பத்து மூட்டை, விலையை முன்னாலேயே கட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்காதவன் நிலம் காளவாய்க்குச் சேரும்.

ஊரே வீட்டுக்குள் புலம்பிக்கொண்டிருந்தபோது, கால் காணி வைத்திருந்த குருவம்மா மட்டும் நேரே அரசவைக்கு நடந்தாள். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அவள் அதைத் துணி காயப்போடும் கொடி மாதிரி ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

"மகாராசா, முந்நூறு காணிக்கும் பத்து மூட்டை, என் கால் காணிக்கும் பத்து மூட்டையா? அந்த விலைக்கு நான் வயலைத்தான் விக்கணும். வயலை வித்துட்டுச் சுண்ணாம்பை எங்க கொட்டுறது, இந்த ராயர் தலையிலயா?"

 ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. அது அரசவை விகடர் பூவராகனுடையது.

"அரசே, அந்த அம்மாள் சொல்வது..." என்று அவன் எழுந்தான்.

வில்லவராயர் விடவில்லை. அரசர் தம்மைவிட அந்த விகடனின் பேச்சைக் கேட்கிறாரே என்று பத்து வருடமாக அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "பார்த்தீர்களா? ஆணையை எதிர்த்துப் பேச வாய் திறக்கிறான். இவனையே அதை நிறைவேற்றச் சொல்லுங்கள்!"

அரசருக்கும் கோபம். "பூவராகா, என் ஆணைக்கு எதிராக இனி ஒரு சொல் பேசினாலும் நாடு கடத்திவிடுவேன். நாளைப் பகல் அவையிலிருந்தே ஆணையை நடத்திக்காட்டு. எல்லாருக்கும் ஒரே அளவு! குன்றிமணி கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"உத்தரவு" என்றான் பூவராகன். அவ்வளவுதான். குருவம்மா அவனைப் பார்த்த பார்வையில் ஈரவிறகே பற்றிக்கொண்டிருக்கும்.

மறுநாள் அவை கலையும் நேரம், வழக்கம்போலத் தாம்பூலம் வந்தது. அந்த நாட்டில் கல்யாண வீடானாலும் அரண்மனையானாலும் வெற்றிலை பாக்கைக் கையில் கொடுப்பார்கள். சுண்ணாம்புச் சிமிழை மட்டும் நடுவில் வைத்துவிடுவார்கள். அவரவர் நாக்கு அவரவருக்குத்தான் தெரியும், அவரவரே தடவிக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சிமிழைக் காணோம். பூவராகன் ஒரு சுண்ணாம்புச் சட்டியும் அகப்பையுமாக நின்றான்.

முதலில் அரண்மனை மல்லன் வந்தான். அவன் ஒரு வாய்க்கு நாற்பது வெற்றிலை மெல்லுபவன். அவனுக்கு ஒரு அகப்பை. மென்றான், போனான். அடுத்தது அரசர். ஒற்றை வெற்றிலை, அதன்மேல் அதே அகப்பை நிறையச் சுண்ணாம்பு.

"என்ன இது?"

"ஆணை, அரசே. எல்லாருக்கும் ஒரே அளவு. மல்லருக்குச் சரியாக இருந்தது."

அரசர் வெற்றிலையைக் கையில் பிடித்தபடி யோசித்தார். வில்லவராயர் யோசிக்கவில்லை. "அரசர் ஆணை எனக்கு அமுதம்!" என்று தம் பங்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த கணம் ஒரு கத்தல்! கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள், இடி என்று நினைத்துப் பாயைச் சுருட்டினவாம். "நெய்! நெய்!" என்று ஓடினார் ராயர். நெய்ப் பானையிலேயே தலையை விட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"அளவு சரிதானே, ராயரே?" என்று பணிவாகக் கேட்டான் பூவராகன்.

"ஆ... ஆ..."

"சரி என்கிறார், அரசே."

அரசர் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அன்றும் வந்து வாசலில் நின்றிருந்த குருவம்மாவைக் கூப்பிட்டார். "உன் வயலுக்கு எவ்வளவு வேண்டும்?"

"ரெண்டு மூட்டை போதும் மகாராசா. பத்து போட்டா இந்த ராயர் வாய் மாதிரிப் பயிர் வெந்துபோகும். ஆனா மண்ணு ஒரே நாள்ல திருந்தாது, மூணு போகம் ஆகும். அதுவரைக்கும் நான் என்னத்தைத் தின்னு விலையைக் கட்டுறது? மண்ணு திருந்தினா கூடுதல் விளைச்சல்ல உங்க களஞ்சியத்துக்கும் பங்கு வருதுல்ல? இப்பக் கொடுங்க, விளைஞ்சப்புறம் கூடுதல்லேருந்து எடுத்துக்குங்க."

"ரெந்து மூத்தையில் விளையாது!" என்றார் ராயர், வீங்கிய நாக்கோடு. "மூன்றாம் போகத்தில் விளைந்தால் நானே களத்துக்கு வந்து அளந்து, என் வாயால் ஒப்புக்கொள்கிறேன். விளையாவிட்டால் வயல் எனக்கு, விகடன் காட்டுக்கு!"

"சம்மதம்" என்றாள் குருவம்மா, பூவராகனைக் கேட்காமலே.

முதல் போகம் பழையபடி ஆறே கலம். ராயர் அவையில் எக்களித்தார். "என்ன விகடரே, மூட்டை கட்டியாயிற்றா?"

"நாலு விரல் நாக்கு ஆற உங்களுக்கு நாற்பது நாள் ஆயிற்று. கால் காணி ஆற வேண்டாமா?"

இரண்டாம் போகம் ஏழு கலம். ராயருக்குத் தூக்கம் குறைந்தது.

மூன்றாம் போகத்தில் நெல் நின்ற நிலையைச் சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள். உள்ளே புகுந்த யானை ஒன்று வழி தெரியாமல் மூன்று நாள் அழுதது. கதிர்கள் சாய்ந்து அடுத்த வரப்புக்குத் தலையணை ஆயின.

களத்தில் அரசர் வந்து உட்கார்ந்தார். ராயர் நெல் அளக்கும் மரக்காலைக் கையில் எடுத்து, "ஒன்று" என்றார்.

அறுப்பு ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். முதல் மரக்காலுக்கு எந்தக் களத்திலும் யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள்.

"லாபம்னு சொல்லிட்டுத்தான் அளக்கணும் சாமி. இல்லேன்னா நெல்லைத் தொட விடமாட்டோம்" என்றாள் குருவம்மா.

அரசர் தலையசைத்தார். ராயர் மரக்காலைக் குவியலில் அமிழ்த்தினார். "லா...பம்" என்றார். பிறகு இரண்டு, மூன்று. மத்தியானம் ஆயிற்று, அங்கவஸ்திரம் நனைந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினோரு கலம் அளந்தும் அடியில் இன்னும் குவியல் இருந்தது.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி நெல்லுக்குள் புதைந்துபோயிற்று. அதைத் தோண்டியெடுக்கும்போதே புது ஆணை பிறந்தது. மண்ணுக்கு ஏற்ற சுண்ணாம்பு, மூன்றாம் போகத்தில் விலை, அதுவும் கூடுதலாக விளைந்ததிலிருந்து மட்டும். பூவராகனுக்குப் பத்துக் காணி பரிசு.

"எந்தப் பக்கத்து நிலம், அரசே?"

"கிழக்கே. நல்ல புளிப்பு."

"பரிசா, தண்டனையா?" என்றான் அவன். களமே குலுங்கியது.

வில்லவராயர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் மரக்காலைக் கீழே வைத்தார். தாடியில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டார்.

"விளைந்துவிட்டது, அரசே" என்றார். "இரண்டே மூட்டைதான். என் கையால் அளந்தேன்."