விளக்கடியில் நின்ற ரயில்

"ஒரே ஒரு பக்கம், அம்மா," என்றார் ஏகாம்பரம். "அதுவும் கடைசிப் பக்கம். பார்த்துட்டு மூடிடுறேன்."

"இன்னைக்கா?" என்றார் மடத்துத் தலைவி வடிவம்மை.

அன்று சரஸ்வதி பூசை. கொன்றைமலை மடத்தில் இருந்த புத்தகங்கள் எல்லாம் கூடத்தில் அடுக்கப்பட்டு மஞ்சள் பட்டுக்குள் போய்விட்டன. மேலே சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். மறுநாள் காலை பூசை முடிந்து பட்டை எடுக்கும்வரை மடத்தில் யாரும் ஓர் எழுத்தும் வாசிக்கக் கூடாது.

எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். கொன்றைமலையில் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. சுவரில் தொங்கும் நாட்காட்டியைத் திருப்பி மாட்டிவிடுவார்கள். சமையல் பார்க்கும் செங்கமலம் பெருங்காய டப்பாவின் முகத்தைக்கூடச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள்.

அப்படிப்பட்ட நாளில், பொரி கட்டி வந்த செய்தித்தாளைக் கொல்லைப்புறத்தில் வைத்து வாசித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

"பொரியைக் கீழ கொட்டிட்டு பேப்பரைப் படிக்கிறாரும்மா இந்த மனுஷன்," என்று செங்கமலம் அவரை அம்மையிடம் கொண்டுவந்து நிறுத்தினாள்.

தலையைக் குனிந்துகொண்டு நிற்பார் என்று பார்த்தால், அவர் இன்னும் ஒரு பக்கம் கேட்கிறார்.

அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை.

போன வருஷம் இதே பூசைச் சமயத்தில்தான் ஊரில் கண் மருத்துவர் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். "இன்னும் ஒரு வருஷம் ஓடும். மிஞ்சிப்போனா கொஞ்சம் கூட. அப்புறம் வெளிச்சம் தெரியும், வழி தெரியும். எழுத்து தெரியாது."

மறுவாரமே ஏகாம்பரம் ஒரு பெட்டியோடு மலையேறி வந்துவிட்டார்.

"கண் இருக்கிறப்பவே வாசிச்சுடணும்மா," என்றார் அன்று.

அம்மைக்கு அவருடைய மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனால் மடத்துப் புத்தகங்கள் அத்தனையும் வாசித்தவர். அது போதும் என்று ஏகாம்பரம் விழுந்து கும்பிட்டு அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

வாசித்தார். அப்படி ஒரு வாசிப்பு.

கார்த்திகை மழையில் ஜன்னலோரம் உட்கார்ந்து மிக்கேலம்மாளின் கதையை வாசித்தார். கலங்கரை விளக்கைக் காத்த கணவன் இறந்தபின், அந்த வேலையைத் தானே எடுத்துச் செய்தவள் அவள். கடலுக்குப் போன தம்பிக்காக விளக்கை அணையவிடாமல் காத்திருந்தவள். வெளியே மழை, புத்தகத்தில் கடல். எது எங்கே என்று தெரியாமல் ஜன்னலைச் சாத்த மறந்து முழங்கால்வரை நனைந்தார் ஏகாம்பரம்.

தை மாதப் பனியில், தன் வீட்டருகே உள்ள வளைவில் மகள் கையசைப்பதைப் பார்ப்பதற்காகத் தினமும் ரயிலை மெதுவாக்கும் ஓட்டுநரின் கதை. மாசியில், பாலைவனத்தில் கிணறு வெட்டியவர்களின் வரலாறு. சித்திரை வெயிலுக்கு மாமரத்தடியும் பறவைகளைப் பற்றிய தடிப் புத்தகமும். மதியத் தூக்கத்தில் அது அவர் மார்பில் விரிந்து கிடக்கும். மூச்சு ஏறி இறங்கும்போது பறவை மாதிரியே இறக்கையை அசைக்கும்.

சாப்பிடும்போதும் வாசித்தார். ரசம் சிந்திய பக்கங்களுக்காகச் செங்கமலத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆடியில் எழுத்துகள் நடுவில் கரைய ஆரம்பித்தன. பூதக்கண்ணாடி வந்தது. அதன்பிறகு வாசிப்பு ஓட்டமாகிவிட்டது. கடை அடைக்கும் நேரத்தில் சாமான் வாங்க ஓடுகிறவர் மாதிரி ஒரு புத்தகத்தை மூடிய கையோடு அடுத்ததைத் திறந்தார்.

இன்று காலை பூசைக்காகப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கியவரும் அவர்தான். அடுக்கும்போது வருஷத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்து நடுங்கிப் போனார்.

"எல்லாம் கலந்துபோச்சும்மா," என்றார் இப்போது.

அம்மை அவரைப் பார்த்தார்.

"பாலைவனத்துக் கிணத்துல பூநாரை வந்து நிக்குது. அது பறவைப் புத்தகத்துல இருக்க வேண்டியது. நான் காலமெல்லாம் தபாலாபீஸ்ல கடுதாசி பிரிச்சவன். ஒரு ஊர்க் கடுதாசி இன்னொரு ஊர் அறையில விழுந்தா எனக்குச் சோறு இறங்காது. இப்ப என் தலைக்குள்ளேயே அத்தனையும் ஒரே சாக்குல கிடக்கு."

"கிடந்தா?"

"மிக்கேலம்மா புத்தகம்தான் எனக்கு உசுரு. இந்த வருஷம் வாசிச்சதுல அதுக்கு மேல எதுவும் இல்ல. அதோட முடிவு மறந்துபோச்சு. தம்பி வந்தானா, வரலையா? தெரியல."

ஏகாம்பரம் பட்டு மூடிய அடுக்கின் பக்கம் திரும்பினார்.

"இருட்டுக்குள்ள போறப்ப ஒண்ணையாவது முழுசா எடுத்துட்டுப் போக வேண்டாமா? எனக்கு மிச்சம் இருக்கிற நாளே கொஞ்சம். அதுல ஒரு முழு நாளை இந்தப் பட்டு மூடி வெச்சிருக்கு."

வெளியே மற்றச் சீடர்கள் மண்வெட்டிகளையும் அரிவாள்களையும் பொட்டு வைப்பதற்காகக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை வழக்கறிஞர் மாதிரி நின்ற செங்கமலம் இப்போது கட்சி மாறிவிட்டாள்.

"ஒரு பக்கம்தானேம்மா," என்றாள் மெதுவாக. "சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அம்மை எழுந்து புத்தக அடுக்கின் அருகே போனார். ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. பட்டின் ஒரு முனை நழுவியிருந்தது. அம்மை அதை இழுத்து நன்றாகச் செருகிவிட்டுத் திரும்பி வந்தார். வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க," என்றார்.

"எதைச் சொல்ல?"

"மிக்கேலம்மா கதையை."

"அதான் மறந்துபோச்சுன்னு சொல்றேனேம்மா."

"முடிவுதானே மறந்தது? முதல்ல இருந்து சொல்லுங்க."

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு முடிவு தெரியும். வந்தான், இல்ல வரலை. ஒரு வார்த்தை. அதைச் சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

அம்மை கேட்கத் தயாராகிவிட்டவர் போலக் கால்களை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டார். செங்கமலம் உள்ளே போய்த் தேங்காயையும் துருவியையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இடம்பிடித்தாள். சுண்டலுக்குத் துருவிய மாதிரியும் ஆயிற்று, கதை கேட்ட மாதிரியும் ஆயிற்று.

"உப்பளத்தைத் தாண்டி ஒரு மேடு," என்று ஏகாம்பரம் வீம்புக்கு ஆரம்பித்தார். "மேட்டுல விளக்கு. உள்ள வளைஞ்சு வளைஞ்சு படி. சாயங்காலமானா மிக்கேலம்மா எண்ணெய்க் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு ஏறுவா."

"அத்தனை படியும் குடத்தோடயா?" என்றாள் செங்கமலம்.

"பழக்கம்."

"என்ன பழக்கம்? நடுவுல எங்கயாவது உட்காருவாளா, மாட்டாளா?"

அப்படி ஒரு வரி புத்தகத்தில் இருந்ததா என்று ஏகாம்பரத்துக்கு நினைவில்லை. ஆனால் மிக்கேலம்மா உட்கார்ந்தாள். பாதி வழியில் சுவரில் சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அதன் வழியாகக் கடலைப் பார்த்தாள். ஏகாம்பரமும் பார்த்தார்.

"உட்காருவா," என்றார்.

அதற்குப் பிறகு கதையை அவர் இழுக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே நடந்தது. அவர் பின்னாலேயே போனார்.

மிக்கேலம்மா உச்சிக்குப் போய்த் திரியை ஏற்றினாள். விளக்கு மெல்லச் சுழன்றது. கழிமுகத்தில் பூநாரைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவை ஒரு கணம் சிவந்து, பிறகு இருட்டாகிவிட்டன. மேட்டின் அடியில் சிலர் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெகுதூரம் மணலில் நடந்து வந்த களைப்பு அவர்கள் முகத்தில் இருந்தது. மிக்கேலம்மா கீழே இறங்கிவந்து எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள். கடலுக்கு இத்தனை அருகில் வெட்டியும் கிணற்றில் ஊறிய தண்ணீர் இனித்தது. ஒருவர் அதைக் கையில் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டு அழுதார்.

செங்கமலம் தேங்காய் துருவுவதை நிறுத்தியிருந்தாள்.

பனி இறங்கியது. உப்பளம் மறைந்தது, கடலும் மறைந்தது. விளக்கின் வெளிச்சம் மட்டும் பாலை ஊற்றியது போலப் பனிக்குள் சுற்றி வந்தது. தூரத்தில் ஒரு விசில் கேட்டது. மேட்டைச் சுற்றி வளைந்து, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாக, ஒரு ரயில் வந்து விளக்கடியில் நின்றது.

ஏகாம்பரம் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"தப்பு," என்றார். முகம் வெளுத்துவிட்டது. "இந்த ரயில் வேற புத்தகம். கிணறு வேற. பூநாரை வேற. பார்த்தீங்களாம்மா? இதைத்தான் சொன்னேன். என்கிட்ட ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல."

"ரயில் நிக்குதா, போயிடுச்சா?" என்றார் அம்மை.

ஏகாம்பரம் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நிக்குது."

"அப்ப யாரோ இறங்கணும்."

"அவ தம்பிதான்," என்றாள் செங்கமலம் அவசரமாக. "வேற யாரு? தம்பிதான் வந்துட்டான்."

ஏகாம்பரத்தின் மூடிய இமைகளுக்குள் கண்கள் அசைந்துகொண்டிருந்தன.

"ஒரு பெட்டியில மட்டும் கதவு திறந்திருக்கு," என்றார் கடைசியில். "கம்பியைப் பிடிச்சிருக்கிற கை தெரியுது. தம்பி இல்ல. பொம்பளைக் கை. கண்ணாடி வளையல் போட்டிருக்காங்க."

"ரயில்காரர் மகளா?" என்றார் அம்மை.

"அது குழந்தை. இவங்க வயசானவங்க."

கண்ணைத் திறந்தார். அதில் பயம் இருந்தது.

"அம்மா, இவங்க எந்தப் புத்தகத்துலயும் இல்ல. எனக்கு நிச்சயமாத் தெரியும். நான் இவங்களைப் பார்த்ததே கிடையாது. ஊரும் இல்ல, பேரும் இல்ல. இவங்களை எந்த அறையில போடுறது?"

"முதல்ல இறங்கட்டும்," என்றார் அம்மை. "கேட்டுப் பார்க்கலாம்."

பூசை மணி அடித்தது. அம்மை எழுந்து போனார். பாதித் தேங்காயோடு செங்கமலமும் அடுப்படிக்கு ஓடினாள், கடலை அடிப்பிடித்துவிடப் போகிறது என்று.

பூசை நடந்தது. ஏகாம்பரமும் கும்பிட்டார். ஆனால் மனிதர் அங்கே இல்லை. சுண்டலை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. வருஷம் முழுக்க இலைக்குப் பக்கத்தில் புத்தகம் இல்லாமல் அவர் சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்பதால், செங்கமலத்துக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"இறங்கிட்டாங்களா?" என்று குனிந்து இலையில் பொரி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் இல்ல."

"பனியா இருக்கும். பார்த்து இறங்கச் சொல்லுங்க."

அன்று அவர் சீக்கிரமே படுத்துவிட்டார். தூக்கத்தில் விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது.

விஜயதசமி காலை. கற்பூரம் காட்டி முடிந்ததும் அம்மை மஞ்சள் பட்டை மெல்ல விலக்கினார். சீடர்கள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, வழக்கப்படி ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். கூடம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. செங்கமலம் பெருங்காய டப்பாவை நேராகத் திருப்பி வைத்தாள்.

புத்தகம் எடுக்க வந்தவர்களில் ஏகாம்பரத்தை மட்டும் காணோம்.

அவர் ஜன்னலோரம் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல இளவெயில் மடியில் விழுந்திருந்தது. கைகள் சும்மா இருந்தன. கண்கள் மூடியிருந்தன.

அம்மை அடுக்கிலிருந்து மிக்கேலம்மாளின் புத்தகத்தை உருவினார். கடைசிப் பக்கத்தைத் திறந்து எடுத்துக்கொண்டு போய், அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்க கேட்ட பக்கம்," என்றார். "வெளிச்சம் நல்லா இருக்கு. வாசிங்க."

ஏகாம்பரம் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்கம்மா," என்றார். "இப்பத்தான் கீழ்ப்படியில காலை வெச்சிருக்காங்க."